இரண்டு அங்குல மரியாதை

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன், தையற்கடைக்காரன் வணங்கி எழுதுவது. இங்கே உங்கள் தங்கை நலம். நான் உடம்பளவில் நலம், மனசளவில் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே நீங்கள் நலமா என்று இந்தத் தடவை பயந்துகொண்டேதான் கேட்கிறேன்.

போன வருஷம் ஒரு ஆராய்ச்சிக்காரம்மா கடைக்கு வந்தார். தொப்பைக்கும் சர்க்கரை வியாதிக்கும் உள்ள உறவைப் படிக்கிறாராம். இன்சுலின் என்று ஒன்று, சர்க்கரையை எடுத்துக்கொள்ளச் சொல்லி உடம்புக்குள் கூப்பாடு போடுகிறதாம். தொப்பை வளர வளர அந்தக் கூப்பாடு உடம்பின் காதில் ஏறுவதில்லையாம், சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடுகிறதாம். எனக்கு உடனே உங்கள் ஞாபகம் வந்தது. என் அளவு நோட்டுகளைப் பார்த்ததும் அவர், “அண்ணே, இது புதையல்ணே!” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினொரு நோட்டையும் பையில் போட்டுக் கொடுத்தேன். வாடிக்கையாளர்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிவர ஆள் அனுப்பி, ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி, ஒரு வருஷம் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார். ஆளை நேரில் பார்த்திருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆராய்ச்சிக்கு ஆளைப் பார்க்க வேண்டியதில்லையாம். போன வாரம் ஓடி வந்து, “முப்பத்திரண்டு, முப்பத்துநாலு இடுப்புக்காரங்களுக்கெல்லாம் சர்க்கரை ஏறிக் கிடக்குண்ணே! உலகத்துல எங்கயும் இப்படி இல்ல!” என்றார்.

உலகத்தில் எங்கேயும் இல்லாதது என் டேப்தான் என்று எந்த வாயால் சொல்வேன்? அளவெடுக்கும்போது எல்லோரும் நோட்டை எட்டிப் பார்ப்பார்கள். நாற்பது என்று எழுதினால் முகம் தொங்கிவிடும், அடுத்த சட்டை எதிர்க்கடைக்குப் போய்விடும். அதனால் மரியாதைக்கு இரண்டு அங்குலம் குறைத்து எழுதி, துணி வெட்டும்போது கூட்டிக்கொள்வேன். கோபக்காரர்களுக்கு நாலு. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் மச்சான். அந்தம்மா திட்டவில்லை, மெஷின் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “யாருக்கு எவ்ளோ குறைச்சீங்கன்னாவது ஞாபகம் இருக்காண்ணே?” என்று கேட்டார். ஒரே ஒருவருடைய அளவுதான் எனக்கு ஞாபகம் இருந்தது.

அது உங்களுடையது. என் கல்யாணத்துக்கு உங்களுக்குத் தைத்தபோது எடுத்த முப்பத்துநாலையே பத்தொன்பது வருஷமாக எழுதிவருகிறேன். உங்கள் முகம் வாடினால் என் வீட்டில் அடுப்பு எரியாது. நீங்களும் ரத்தம் பார்க்கச் சொல்பவர்களிடமெல்லாம் நான் தைத்த பேண்ட்டைக் காட்டி, “அதே சைஸ்தான்யா, எனக்கென்ன கேடு?” என்று விரட்டிவிடுகிறீர்கள். இதே வியாதியில் உங்கள் அப்பாவின் கால்விரல்கள் ஒவ்வொன்றாகப் போனதை நாம் இருவரும்தானே ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பார்த்தோம்? எனக்குப் பயமாக இருக்கிறது. கையெடுத்துக் கும்பிட்டு உண்மையைச் சொல்கிறேன்: உங்கள் இடுப்பு முப்பத்துநாலு இல்லை, முப்பத்தெட்டு. நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுங்கள். என் மேல் இருக்கும் கோபத்தை முடிவு வந்தபிறகு காட்டலாம்.

உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறாண்டு வாழட்டும், நீங்கள் அதைப் பார்க்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அடங்கிய மாப்பிள்ளை

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் உங்கள் தங்கை கடிதத்தை வாங்கிப் படித்தாள். “இதுலயுமா பொய்?” என்று அழுகிறாள். முப்பத்தெட்டு என்று எழுதியது கைப் பழக்கம், மச்சான். நாற்பத்துநாலு.