காதைக் கெடுத்தது குண்டா, தாளமா?

லாட்டன், ஓக்லஹோமா
மே மாதம், சூறாவளிக் காலம்

என் அருமை ஹார்லனுக்கு,

படைப்பிரிவு இசைக்குழுவில் பதினோரு வருடம் உன் வெண்கலத் தாளங்களுக்கு நேர் முன்னால் உட்கார்ந்து கிளாரினெட் வாசித்த லெராய் டக்கெட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வில்மாவும் நாயும் சுகம். அங்கே டெக்சஸ் வெயிலில் நீயும், பெர்னடீனும், பெர்னடீனுக்குப் புதிதாகப் பொருத்திய முழங்காலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போன ஞாயிறு தேவாலயத்தில் உங்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னேன். பாதிரியார் ஏதோ பதில் சொன்னார், என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எனக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காது பாதி. இத்தனை நாள் இதைப் பெரிதுபடுத்தாமல்தான் இருந்தேன். போன வருடம் சூறாவளிச் சங்கு ஊதி, தெருவே நிலவறைக்குள் இறங்கிவிட்டபோது நான் மட்டும் புல்வெட்டும் வண்டியில் உட்கார்ந்து வாசல் புல்லை வெட்டிக்கொண்டிருந்தேன். வானம் பச்சையாக மாறுவதைப் பார்த்து, மழைக்கு முன் முடித்துவிடலாமே என்று வேகமாக வேறு ஓட்டினேன். சூறாவளி எப்படியோ எங்களை விட்டுவிட்டு ஊருக்கு வெளியே ஒருவருடைய மாட்டுக்கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போனது. பக்கத்து வீட்டு டுவேன் ஓடிவந்து என் கையைக் குலுக்கி, "பட்டாளத்தான்னா பட்டாளத்தான்தான்யா! சாவு தெருமுனைக்கு வந்தாச்சு, மனுஷன் அசராம புல்லு வெட்டுறாரு!" என்றான். அவன் போனதும் வில்மா என் வலது காதருகே வந்து, "வீரமாம் வீரம்! சங்கு ஊதினது உனக்குக் கேட்கல, அவ்வளவுதான். நாளைக்கே போய் விண்ணப்பத்தைப் போடு லெராய், இல்லேன்னா அடுத்த சூறாவளியில உன்னை நானே வெளியில கட்டிப்போட்டுடுவேன்" என்று கத்தினாள்.

போரில் ஊனப்பட்டவர்களுக்கான சிறப்பு இழப்பீடு என்று ஒன்று இருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். முதலில் ஊனம் இருப்பதை நிரூபிக்க வேண்டும், பிறகு அது போரால் வந்தது என்று நிரூபிக்க வேண்டும், அதன் பிறகுதான் ஓய்வூதியத்தில் ஒரு கையால் பிடித்தம் செய்ததை மறு கையால் திருப்பித் தருவார்கள். சரி என்று காதுச் சோதனைக்குப் போய்க் காலையிலிருந்து காத்திருக்கும் அறையில் உட்கார்ந்தேன். மீன்பிடிப் பத்திரிகை ஒன்றை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். மாலையில் காவலாளி வந்து தோளைத் தட்டி விளக்கை அணைக்க வேண்டும் என்று சைகை காட்டினான். அடுத்த வாரம், 'அழைத்தும் வரவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது' என்று கடிதம் வந்தது. வில்மாவை அழைத்துக்கொண்டு நேரே அந்த ஜன்னலுக்குப் போனேன்.

"உங்க பேரைப் பல தடவை கூப்பிட்டிருக்காங்க சார்" என்றாள் ஜன்னலில் இருந்த பெண்.

"கேட்டிருந்தா வந்திருப்பேனேம்மா. கேட்டிருந்தா எனக்கு இங்க என்ன வேலை?"

"அப்ப காது கேட்காதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

"அந்த டாக்டரைப் பார்க்கத்தானே அன்னைக்கு வந்தேன்!"

"அன்னைக்கு நீங்க வரலையே சார்."

வில்மா ஜன்னலுக்குள் பாதி உடம்பை நுழைத்துப் பேசிய பிறகு மறு தேதி கொடுத்தார்கள். இந்த முறை என் பெயரைக் கூப்பிட்டது வில்மாவுக்குக் கேட்டது, என்னை இழுத்துக்கொண்டு போனாள். செவிடு என்பது உறுதியாயிற்று. வெளியே வந்து இருவரும் பொரித்த கெளுத்தி மீனும் சோள ரொட்டியும் வாங்கிச் சாப்பிட்டு அதைக் கொண்டாடினோம். செவிடானதைக் கொண்டாடிய தம்பதி இந்த மாநிலத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

அதற்குப் பிறகுதான் வினை. விசாரணை என்று மிஸ் டால்பட் என்ற அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டாள். செவிடனைத் தொலைபேசியில் விசாரிக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ, அவருக்குக் கட்டாயம் பதவி உயர்வு கிடைத்திருக்கும். அவள் கேட்பதை வில்மா எனக்குக் கத்தினாள், நான் சொல்வதை வில்மா அவளுக்குச் சொன்னாள். பட்டாளத்தில் உன் வேலை என்ன என்றாள். கிளாரினெட் என்றேன். "அது என்ன மாதிரி ஆயுதம்னு கேக்கறா லெராய்!" என்று கத்திய வில்மா, என் பதிலுக்குக் காத்திராமல், "ஊதற ஆயுதம்மா" என்று தானே சொல்லிவிட்டாள். உனக்குப் பின்னால் யார் இருந்தார் என்று அடுத்த கேள்வி. ஹார்லன் மீக்ஸ் என்றேன். அவர் கையில் என்ன? தாளம். எவ்வளவு பெரியது? நான் உண்மையான மனுஷன், ஹார்லன். கையை விரித்துக் காட்டினேன். வில்மா, "பீட்சா தட்டு சைஸ்ல ரெண்டும்மா" என்று மொழிபெயர்த்தாள்.

முடிவு என்ன தெரியுமா? என் காது இசையால் கெட்டிருக்கக்கூடுமாம். குண்டுதான் கெடுத்தது என்றால் நேரில் பார்த்தவர் யாராவது சொல்ல வேண்டுமாம்.

உனக்கு மறந்திருக்காது. இராக்கில் ஜெனரல் வந்த அன்று சாப்பாட்டுக் கூடாரத்தில் நாம் அணிவகுப்பு இசை வாசித்துக்கொண்டிருந்தோம். கூடாரத்துக்குப் பின்னால் குண்டு விழுந்தது. நான் நாற்காலியோடு கவிழ்ந்தேன், என் மேல் பீன்ஸ் அண்டா கவிழ்ந்தது. ஆனால் முகாம் செய்தித்தாளில் என்ன போட்டார்கள்? 'இசை நிகழ்ச்சி தடையின்றி இனிதே நிறைவுற்றது.' அதை எடுத்து வைத்துக்கொண்டுதான் மிஸ் டால்பட் பேசுகிறாள். அந்தக் காலத்தில் ஜெனரலுக்கு ஜால்ரா தட்டியவனெல்லாம் மேலே போனான், நிஜமாகவே ஜால்ரா தட்டிய நீயோ சார்ஜெண்டாகவே வீட்டுக்குப் போனாய். அந்த நியாயம் தெரிந்தவன் என்பதால் உன்னிடம் கேட்கிறேன். குண்டு விழுந்ததும் நீ தாளத்தை நிறுத்திவிட்டாய் என்று நாலு வரி எழுதி அனுப்பு. அப்படி எழுத மனசு வராவிட்டால், மெதுவாகத் தட்டினாய் என்றாவது எழுது. மெதுவாக என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும், அதில் பொய் ஒன்றும் இல்லை.

பணத்துக்காக மட்டும் கேட்கவில்லை. வில்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. பள்ளிக்கூட வயதில் அந்தக் கருங்குழலை வாயில் வைத்தவன் நான். போர் என் காதைத் தின்றது என்றால் சரி, போருக்கு அதுதானே வேலை என்று இருந்துவிடுவேன். இசைதான் தின்றது என்று அரசாங்க முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பினால் அந்தத் தாளை நான் எங்கே வைத்துக்கொள்வேன்?

பெர்னடீனுக்கு வில்மாவின் அன்பு. இருவரும் நோய் நொடி இல்லாமல், சூறாவளி அண்டாமல், வரி அதிகாரி கண்ணில் படாமல் நெடுங்காலம் வாழ ஆண்டவன் அருளட்டும்.

என்றும் உன் முன்வரிசைக்காரன்,
லெராய் டக்கெட்
(ஓய்வுபெற்ற சார்ஜெண்ட்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பெர்னடீன் தொலைபேசியில் வந்தாள். சமையலறையிலிருந்து வில்மா கத்தியதை அப்படியே எழுதுகிறேன்: "ஹார்லன் தோள்பட்டைக்கு விண்ணப்பம் போட்டிருக்காராம்! அன்னைக்குக் குண்டு தூக்கி அடிச்சதுல பிஞ்சு போன தோளாம்! சாட்சிக்கு உன் பேரைக் கொடுத்திருக்காராம்!"

"கொடுக்கட்டுமே" என்றேன்.

"முழுசாக் கேளு! பிஞ்ச தோளோட எழுந்து நின்னு, லெராய் காதுக்குப் பின்னால பாட்டு முடியற வரைக்கும் ஓங்கி ஓங்கித் தட்டினேன்னு எழுதிக் கொடுத்துட்டாராம்!" பிறகு பெர்னடீனுக்குக் கேட்கக்கூடாது என்று தொலைபேசியைப் பொத்திக்கொண்டு, முன்னைவிட உரக்க, "நீ அதுல கையெழுத்துப் போட்டா உன் காது போச்சு லெராய்!" என்றாள்.

"அது எப்பவோ போச்சு" என்றேன்.

ஹார்லன், மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. நீ ஓங்கித்தான் தட்டினாய். வாசலை நோக்கி ஓட ஆரம்பித்த பையன்கள் அந்தச் சத்தத்துக்குத்தான் நின்றார்கள். பீன்ஸுக்குள் கிடந்த நான் கிளாரினெட்டைத் தேடி எடுத்ததும் அதைக் கேட்டுத்தான். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன், உன் அதிகாரிக்குக் கொடு. வில்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.