மணம் போன சீஸ்

நிரஞ்சன் எழுந்தான். பல் தீட்டினான். மோட்டரைப் போட்டுத் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றினான். கோழிக்கூட்டைத் திறந்துவிட்டான். பிறகு பிரிட்ஜைத் திறந்து, உள்ளே தலையை நீட்டி, சீஸை முகர்ந்தான்.

மணம் இல்லை.

"சுரேகா, இஞ்சை வாரும். சீஸ் மணக்கேல்லை."

"நல்லதுதானே," என்றாள் மனைவி, தேங்காய் துருவியபடி. "செத்த எலியோடை குடித்தனம் நடத்தின மாதிரி இருந்தது."

சீஸ் ஜெகதீஸ்வரி மாமியுடையது. வட்டக்கச்சியில் அவர்கள் குடியிருக்கும் இந்த வீடும் மாமியுடையதுதான். வீட்டை விற்பதா, இவர்களையே இருக்க விடுவதா என்று முடிவெடுக்கத்தான் பாரிஸிலிருந்து வந்திருந்தார். திருக்கேதீச்சரக் கோயிலுக்குப் புறப்படும்போது, தாளில் சுற்றிய அந்த வட்டக் கட்டியை அவன் கையில் கொடுத்தார்.

"தம்பி, இது உயிருள்ள சாமான். மணம்தான் இதின்ர மூச்சு. மணம் நிண்டால் செத்துப்போச்சு. ஒரு சீஸைப் பாக்கத் தெரியாதவன் வீட்டை என்னெண்டு பாக்கிறது?"

குளிர்தான் கொன்றிருக்கும் என்று நினைத்தான். எடுத்து யன்னலில் வைத்தான். மத்தியானத்துக்குள் அது வியர்த்துக் கொட்டியது. பின்னாலேயே எறும்பு வந்தது.

வாளியில் போட்டுக் கிணற்றுக்குள் இறக்கினான். வாளி சுவரில் மோதிச் சரிந்தது. சீஸ் குளித்துவிட்டு வந்தது. சுளகில் வைத்து வெயிலில் காயவிட்டான். கோழி ஒன்று வந்து கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

மணம் மட்டும் திரும்பவில்லை.

"விடுங்கோ. மாமிக்குப் பிடிக்கும்," என்றாள் சுரேகா.

"உமக்கென்ன தெரியும் சீஸைப் பற்றி?"

அவள் காலியான எருமைத் தயிர்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உலையில் அரிசி போட்டாள்.

மணக்கிற இடத்தில் வைத்தால் மணம் ஏறும் என்று அவனுக்கு அப்போதுதான் பட்டது. குசினி மூலையில் கருவாட்டுப் பெட்டி இருந்தது. தாளை விரித்து, கட்டியைச் சூடைக் கருவாட்டுக்கு நடுவில் படுக்கவைத்து மூடினான்.

விடிய எடுத்துப் பார்த்தான். மணத்தது. நன்றாகவே மணத்தது.

"சுரேகா, மூச்சு வந்திட்டுது."

அவள் கிட்ட வந்து முகர்ந்தாள். "மாமி சைவமெல்லே?"

"இதை இப்பவே சொல்லுறீர்?"

"கருவாட்டுக்கை வைக்கப்போறன் எண்டு நீங்கள் என்னட்டைச் சொன்னனீங்களே?"

கத்தியை எடுத்துச் சுற்றிவரச் சுரண்டினான். தேசிக்காய் தேய்த்தான். கழுவினான். மணம் போகவில்லை. இன்னும் சுரண்டினான். உப்பில் உருட்டினான். அப்பளம் அளவு இருந்த கட்டி பருப்பு வடை அளவுக்கு வந்தபோது வாசலில் வான் வந்து நின்றது.

மாமி திருநீற்றோடு இறங்கினார். காலைக் கழுவினார். கதிரையில் இருந்தார்.

"எங்கை தம்பி, என்ர சாமான்?"

நிரஞ்சன் கட்டியைத் தாளில் சுற்றித் தட்டில் வைத்து நீட்டினான். தாளை விரித்த மாமி கட்டியைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"மெலிஞ்சு போச்சு."

"வெக்கை மாமி. இஞ்சை எல்லாம் மெலியும்."

மாமி ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டார். மென்றார். நிரஞ்சன் அவருடைய தாடையையே பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டைக் காலிசெய்தால் கோழிகளை எங்கே கொண்டுபோவது என்று யோசித்தான். மாமி இன்னொரு துண்டு வெட்டினார். அதையும் தின்றார். விரலையும் நக்கினார்.

"வீட்டை விக்கேல்லை. நீங்களே இருங்கோ."

நிரஞ்சன் அப்படியே நிலத்தில் குந்தினான்.

மாமி குசினி வாசலில் நின்ற சுரேகாவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, என்ர சீஸை எங்கை புதைச்சனீர் எண்டு நான் கேக்கேல்லை. எருமைத் தயிரிலை இதே மாதிரி இன்னொரு கட்டி செய்து தாரும், பாரிசுக்குக் கொண்டுபோக."