பார்க்கிங் உபகிளை பிரிந்துபோன விபரம்

பெறுநர்:
திரு. ஞானேஸ்வரன், தலைவர்,
இலுப்பையடி மக்கள் ஒன்றியம் (தாய்ச்சங்கம்),
இலுப்பையடி, யாழ்ப்பாணம்.

மதிப்புக்குரிய அண்ணைக்கு,

தோர்ண்டன் ஹீத்திலிருந்து லண்டன் கிளைத் தலைவர் யோகலிங்கம் பணிவுடன் எழுதுவது. இங்கு என் வலது முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் சுகம். அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க அம்மன் துணை நிற்பாளாக.

அண்ணை, லண்டனின் கிழக்கே பார்க்கிங் என்ற ஊரிலுள்ள எங்கள் உபகிளை எங்களை விட்டுப் பிரிந்துவிட்டது. சும்மா கோபித்துக்கொண்டு போகவில்லை. தீர்மானம் எழுதி, நூற்று நாற்பது குடும்பமும் கையெழுத்து வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். முதல் கையெழுத்து யோ. ஜதுர்ஷிகா. அந்த 'யோ' நான்தான்.

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் இங்கே வீட்டு விலை ஏறியபோது ஆறு இளம் குடும்பங்கள் தேம்ஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்க்கிங்கில் போய்க் குடியேறின. அதில் ஒன்று என் மகளுடையது. ஒரு குத்துவிளக்கும் ஒரு ஆர்மோனியப் பெட்டியும் கொடுத்து நானே வாழ்த்தி அனுப்பினேன். அதற்குப் பிறகு பத்து வருடம் அவர்களை மறந்துவிட்டோம் என்று சொல்லக்கூடாது, நினைக்க நேரம் வரவில்லை. அந்த இடைவெளியில் அவர்கள் தமிழ்ப் பள்ளி தொடங்கி, மாதாமாதம் கூட்டம் கூடி, தாங்களே முடிவெடுத்து, அப்படி முடிவெடுப்பதே அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. ஒருநாள் எண்ணிப் பார்த்தால் அங்கே நூற்று நாற்பது குடும்பம், இங்கே அறுபத்திரண்டு. அப்போதுதான் அவர்கள் எங்களுக்குக் கீழே உள்ளவர்கள் என்பது எங்கள் ஞாபகத்துக்கு வந்தது.

உடனே நிர்வாகத்தைச் சீர்ப்படுத்தினோம். அவர்களுடைய பொங்கல் சமையலையும் நாங்களே சமைத்து வான் வண்டியில் அனுப்புவது, அங்கே தனிச் சமையல் கூடாது என்று தீர்மானித்தோம். ருசி ஒன்றாக இருந்தால்தானே ஒற்றுமை இருக்கும். பிள்ளைகளின் நடனத் தெரிவை இங்கே வைத்தோம். அதுகள் சலங்கையோடு மூன்று ரயில் மாறி வந்தன. பிறகு நிர்வாகசபையில் தங்களுக்கு ஓரிடம் கேட்டார்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எங்கள் சட்டப் புத்தகமான யாப்பின் ஒன்பதாம் பிரிவு, சபை உறுப்பினர் தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் குடியிருக்க வேண்டும் என்கிறது. எல்லோரும் இரண்டே தெருவில் இருந்த காலத்தில் எழுதியது. அதைத் திருத்துவதற்கு நிர்வாகசபை சம்மதிக்க வேண்டும். நிர்வாகசபை நாங்கள். நாங்கள் சம்மதிக்கவில்லை. அவர்களைக் கவனித்துக்கொள்ள கணேசலிங்கத்தை மேற்பார்வையாளராக அனுப்பினோம். மூன்று கிழமை அங்கே சுடச்சுட இடியப்பம் சாப்பிட்டார். இப்போது அவர்தான் அவர்களுடைய செயலாளர்.

பொங்கலன்று எங்கள் வான் ஆற்றுக்குக் கீழே சுரங்கப்பாதையில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டது. போய்ச் சேர்ந்தபோது பின்நேரம் நாலு மணி. அவர்கள் கவுன்சிலிடம் அனுமதி எடுத்து, மண்டபத்துக் கார் நிறுத்துமிடத்தில் தாங்களே பொங்கிச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். எங்கள் அண்டாக்களைத் திறக்காமலே திருப்பி அனுப்பினார்கள். மூடியில் "நன்றி, எங்களிட்ட இருக்கு" என்று ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அந்தப் பொங்கலை நாங்கள் ஐந்து நாள் சாப்பிட்டோம். அது முடிந்த அடுத்த நாள் அவர்களுடைய தீர்மானம் வந்தது.

இதைச் சும்மா விடக்கூடாது என்று பதினொரு பேர் மினிபஸ் பிடித்து, குத்துவிளக்கைத் திரும்பப் பெறப் போனோம். எங்கள் சராசரி வயது எழுபத்திரண்டு. வாசலில் மகள் நின்றாள். எல்லோரையும் இருத்தித் தேத்தண்ணி தந்தாள். பிறகு, "விளக்கு உள்ள எரியுதப்பா. கொண்டுபோறதெண்டா நீங்கள்தான் அணைக்கோணும்" என்றாள். பதினொரு பேரில் ஒருவருக்கும் கை வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

திரும்புமுன் அவள் எனக்கு வரலாறு சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அவள் படிப்பிப்பது அதுதான். லண்டன் ஒருகாலத்தில் அமெரிக்காவை இழந்ததும் இப்படித்தானாம். போய்க் குடியேறியவர்கள் இங்கத்தைய ஆட்கள்தானாம். நூற்றைம்பது வருடம் தங்கள் அலுவலைத் தாங்களே பார்த்துக்கொண்டு பெருகிவிட்ட பிறகு, இங்கிருந்து திடீரென்று கட்டளைகள் போகத் தொடங்கினவாம். "அவை வெறுப்பில பிரியேல்லையப்பா. இருந்து கதைக்க ஓர் இடம் கேட்டவை" என்றாள். அந்தக் காலத்து ஆங்கில அரசரிடம் எழுதிய யாப்பு இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து நாலு மாதம் நாங்கள் கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய போன் வராமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. மனைவி சந்திரவதனா என்னோடு உப்பு, புளி பற்றி மட்டும் கதைக்கிறா. எனக்குக் கவலைதான் அண்ணை. சபையில் இதைச் சொல்ல ஏலாது, உங்களிடம் சொல்கிறேன்.

ஆகவே நீங்கள் தாய்ச்சங்கத்தின் முத்திரை குத்தி, கிளை என்றைக்கும் தாய்க்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும் என்று பார்க்கிங்குக்கு ஒரு கடிதம் போட வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். நாங்கள் எல்லோரும் உங்கள் சொல்லுக்கு அடங்கியவர்கள்தானே.

அக்காவுக்கு எங்கள் அன்பு. பேரப்பிள்ளைகள் நூறாண்டு வாழ ஆசீர்வாதம்.

என்றும் தாய்ச்சங்கத்துக்குக் கட்டுப்பட்ட,
யோகலிங்கம்

பி.கு: கவரை ஒட்டிய பிறகு உங்கள் வட்ஸ்அப் அறிவித்தல் வந்தபடியால் பிரித்து எழுதுகிறேன். லண்டன் நிர்வாகசபையை இனி ஊரிலிருந்தே நியமிப்பீர்கள் என்றும், விளையாட்டுப் போட்டியை ஊரில் நடக்கும் அதே பெப்ரவரி நாளில் திறந்த மைதானத்தில் நடத்தவேண்டும் என்றும் கண்டேன். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவருக்கு எங்கள் பெப்ரவரி தெரியாது. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவசரக் கூட்டம் கூடினோம். உங்களிடமிருந்து பிரிவதென்று ஏகமனதாக முடிவு. இப்படியான தீர்மானம் எழுதி எங்களுக்குப் பழக்கமில்லாததால், மகளுக்குப் போன் எடுத்து அவர்களுடையதில் ஒரு நல்ல பிரதி கேட்டேன். "அனுப்பிறனப்பா. ஊர்ப் பேரை மட்டும் மாத்துங்கோ. சாப்பிட்டிட்டீங்களோ?" என்று கேட்டாள். தீர்மானம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. மூன்றாம் பந்தியில் 'அப்பா' என்று இருந்த இடத்தில் 'அண்ணை' என்று போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் அப்படியே பொருந்துகிறது.