வெந்நீரும் சூடேறாத காரும்

புதுக்கோட்டை மாவட்டத்தில், என்ஜின் சூடாகவில்லையே என்று கண்கலங்கிய ஒரே மனிதர் வெந்நீர்தான். மற்ற மெக்கானிக்குகள் எல்லாம் கொதித்த வண்டிகளுக்கு ஓடுவார்கள். இவர் ஜில்லென்று இருக்கும் வண்டியைக் கண்டால் பதறுவார்.

சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். திருக்கோகர்ணம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அக்னி நட்சத்திரத்திலும் கழுத்தில் மஃப்ளர். குடிப்பது வெந்நீர் மட்டும். அதனால்தான் அந்தப் பெயர். மே மாத மத்தியானத்தில் ஒருவர் அவருக்கு மோர் நீட்டினார். "என்னையக் கொல்லப் பாக்குறீங்களா?" என்று கேட்டு, அவரோடு ஆறு மாதம் பேசவில்லை.

என் மாமனார் தந்த டீசல் காருக்கு இருபது வயது. போன வருஷம் அது என் கைக்கு வந்தபோது, கரும்புகையும் கூடவே வந்தது. டீசலைக் குடித்துத் தள்ளியது. "குளத்தூர்ல ஒருத்தர் கேக்குறாரு. ஞாயித்துக்கெழம பாக்க வாராரு. தள்ளி விட்ருங்க" என்றாள் மனைவி. மாமனார் ஆசையாகத் தந்த வண்டியை விற்றுவிட்டு, அவர் ஊரான திருமயத்துப் பக்கம் எந்த முகத்தோடு போவது? வெந்நீரிடம் ஓடினேன்.

அவர் புகையைப் பார்க்கவில்லை. டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தார். அது அடிமட்டத்தில் படுத்திருந்தது.

"இது எப்பவுமே இப்புடித்தானா சார்?"

"ஆமாண்ணே. எவ்வளவு தூரம் போனாலும் ஏறாது. நல்ல கூலான வண்டி."

மஃப்ளரை இறுக்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "புள்ள ஒடம்பு சில்லுனு கெடந்தா நல்ல புள்ளன்னு தூங்க விட்ருவீங்களா?"

முதலில் முள்ளை விசாரித்தார். என்ஜினில் இருந்த சென்சார் ஒயரைப் பிடுங்கி இரும்பில் தொட்டார். முள் துள்ளி எழுந்து மேலே போய் முட்டியது. "முள்ளு நல்ல முள்ளு. பொய் சொல்லாது."

அடுத்து, உண்மையில் எவ்வளவு சூடு என்று தெரிய வேண்டுமாம். எங்கள் வீட்டுக் காய்ச்சல் பார்க்கும் கருவியை வாங்கி, ஓடிக்கொண்டிருந்த என்ஜினின் ரப்பர் குழாயோடு சேர்த்துக் கட்டினார். அது ஒருமுறை பீப் என்று அலறிவிட்டு உயிரை விட்டது. "காய்ச்சலு இருக்கு. ஆனா பத்தல" என்றார். என் மனைவி அதற்குப் பின் அவரிடம் எதையும் இரவல் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை என்ஜின் ஆறிக் கிடந்தபோது ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் குழாயை என் கையில் பிடிக்கக் கொடுத்தார். கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

"என்ன தெரியுது?"

"லேசா சுடுதுண்ணே."

"இப்பவேவா? அங்கிட்டு என்ஜின் இன்னும் கண்ணே முழிக்கல, இங்கிட்டு கொழா சுடுதா? அப்ப தண்ணியத் தடுக்க ஆளே இல்ல சார்!"

பிறகுதான் விளக்கினார். தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு. என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறித்து நிற்கும். அது திறந்தபடி சிக்கிக்கொண்டாலோ இல்லாமல் போனாலோ, தண்ணீர் ஓயாமல் சுற்றி என்ஜினைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். சூடு போதாத என்ஜின் டீசலைச் சரியாக எரிக்காது. புகை, செலவு, தேய்மானம் எல்லாம் அதனால்தான்.

வால்வு இருந்த மூடியின் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன. இரண்டு நாள் எண்ணெயில் ஊறின. அந்த இரண்டு நாளும் வெந்நீர் கொதித்தார். "எவனோ கழட்டி வீசியிருக்கான் சார். என்ஜின் கொதிக்குதுன்னு வந்தா, காரணத்தத் தேட மாட்டானுங்க. அத உருவிப் போட்டுட்டுப் போயிருவானுங்க. அவன் மட்டும் யாருன்னு தெரியட்டும், இதே எடத்துல முட்டி போட வைக்கிறேன்!"

சனிக்கிழமை மூடி திறந்தது. உள்ளே வால்வு இல்லை. "பாத்தீங்களா!" என்று கத்தினார். தண்ணீர் கசியாமலிருக்க மூடிக்கு அடியில் வைத்து ஒட்டியிருந்த அட்டை கேஸ்கெட்டைப் பெயர்த்தெடுத்துத் துடைத்தார். யாரோ கல்யாணப் பத்திரிகையை வட்டமாக வெட்டிச் செய்திருந்தார்கள். மஞ்சள் அட்டையில் 'திருவளர்செல்வி' என்ற எழுத்தும் ஒரு பெண் பெயரும் மங்கலாகத் தெரிந்தன.

வெந்நீர் அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருண்ணே இந்தப் பொண்ணு?"

"எம் பொண்டாட்டி."

அவர் கல்யாணத்துக்கு அச்சகத்தில் தேதியைத் தப்பாக அடித்துவிட்டார்களாம். வீணான முந்நூறு பத்திரிகையையும் வெகுகாலம் கேஸ்கெட்டாக வெட்டித் தீர்த்திருக்கிறார். உலகத்தில் வேறெந்த மெக்கானிக்கிடமும் அந்த அட்டை இருக்க வாய்ப்பில்லை.

ஸ்பேனரைக் கீழே வைத்தார். மஃப்ளரைச் சரிசெய்தார். கொட்டகை நடுவில் முட்டி போட்டார்.

"அண்ணே, என்னண்ணே இது! எந்திரிங்க!"

"சொன்னது சொன்னதுதான் சார்."

எதிர் டீக்கடை மாஸ்டர் ஓடி வந்தார். ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். ஸ்கூட்டருக்கு பிரேக் பார்க்க வந்த ஒரு அம்மா, சாமி வந்திருக்கிறது என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு வேறு வழி தெரியாமல் மாமனாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"மஃப்ளர் போட்ட ஆளா மாப்ள?" என்றார் மாமனார். "அவர மறப்பனா? பதினஞ்சு வருசம் இருக்கும். ஒங்க அத்தைக்கு நெஞ்சு வலின்னு புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாரேன், பாதி ரோட்டுல வண்டி கொதிச்சு நின்னுருச்சு. அந்தப் பக்கமா வந்தவரு, ஏதோ வால்வு அடைச்சுக்கிச்சுன்னு கழட்டிப் போட்டு, பையிலருந்து ஒரு பத்திரிகைய வெட்டி வச்சு மூடி அனுப்புனாரு. ஒரு வாரத்துல வாங்க, புதுசு மாட்டணும்னு சொன்னாரு. நாந்தான் போகல. முள்ளு நல்லா எறங்கி கெடந்துச்சா, சரி, கூலாத்தானே ஓடுதுன்னு விட்டுட்டேன்."

கூட்டம் மொத்தமும் வெந்நீரைப் பார்த்தது. அவர் முட்டி போட்டபடியே போனருகில் குனிந்தார்.

"அய்யா, அந்தம்மா இப்ப எப்புடி இருக்காங்க?"

"நல்லா இருக்கா. காலைலகூட சட்டினியில உப்பு இல்லன்னு சொன்னதுக்கு என்னைய வெரட்டுனா."

அதற்கப்புறம்தான் எழுந்தார். எழ முடியவில்லை; நானும் டீ மாஸ்டரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம்.

திருச்சியிலிருந்து புது வால்வை அன்றே வரவழைத்தேன். வெந்நீர் அதை நம்பவில்லை. நூலில் கட்டி, டீக்கடை அடுப்பில் இருந்த பாத்திரத்தில் தொங்கவிட்டார்.

"யோவ், அது பால் சட்டிய்யா!" என்று மாஸ்டர் அலறினார்.

"தண்ணிதான் இருக்கு. பேசாம இருய்யா, இப்ப வாயத் தொறக்கும்."

தண்ணீர் கொதிக்கப் போகும் நேரத்தில் வால்வு மெல்லத் திறந்தது. ஆட்டோக்காரர்கள் கை தட்டினார்கள்.

சாயங்காலம் மாட்டி முடித்துவிட்டு, குளத்தூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஏசி கிடையாது; கண்ணாடியைத் திறக்கவும் அவர் விடவில்லை. வியர்வை என் கண்ணில் இறங்கியது. முள் அசைந்தது, ஏறியது, நட்டநடுவில் போய் நின்றது. வெந்நீர் அதைத் தொட்டுக் கும்பிட்டார். மறுநாள் வண்டியைப் பார்க்க வந்த குளத்தூர்க்காரருக்கு என் மனைவியே காபி கொடுத்து, விற்பதாக இல்லை என்று அனுப்பிவைத்தாள்.

இப்போது புகை இல்லை, கோளாறு இல்லை. இருந்தாலும் மாதம் ஒருமுறையாவது கொட்டகைப் பக்கம் வண்டியைத் திருப்புகிறேன். "என்ன சார் தொந்தரவு?" என்கிறார். "ஒண்ணுமில்லண்ணே, சும்மாதான் வந்தேன்" என்கிறேன். அவர் நம்புவதில்லை. எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, பானெட்டைத் திறந்து ஒரு மணி நேரம் தேடுகிறார். நானும் வற்புறுத்துவதில்லை. நம்பிவிட்டால் நான் கிளம்ப வேண்டியிருக்குமே.