அருவிக்கரையில் பொருளாதாரம்

"தலையக் குனிங்க தம்பி, எண்ணெய் கண்ணுல வழிஞ்சிரும்" என்றார் இசக்கி.

குனிந்தால் மடியிலிருந்த பொருளாதாரப் புத்தகத்தில் எண்ணெய் சொட்டும். சிவனணைந்தபெருமாள் புத்தகத்தைக் காப்பாற்ற நிமிர்ந்து, கண்ணைப் பறிகொடுத்தான்.

பி.ஏ.யில் மற்றதெல்லாம் தேறிவிட்டது. பொருளாதாரம் மட்டும் காலை வாரிவிட்டது. செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும். கடையம் ஆவுடைத்தாயை அவனுக்குப் பேசியிருந்தார்கள். "மாப்பிள்ளை பாஸ் பண்ணட்டும், தையில வச்சுக்கிடுவோம்" என்று பெண்ணின் அப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார். வாசுதேவநல்லூர் வீட்டில் ஆள் நடமாட்டம் ஓயாது. அதனால் தெரிந்த வக்கீல் ஒருவரின் குற்றாலம் பங்களாவில் அப்பா அவனைக் கொண்டுவந்து விட்டுப் போனார். சீசன் ஓய்கிற சமயம். பங்களாவில் காவல்கார இசக்கியும் அவர் மனைவி முருகம்மாளும்தான்.

பெருமாளுக்கு உட்கார்ந்தால் படிப்பு ஏறாது. நடந்தபடியே, கையை வீசி, இங்கிலீஷில் உரக்கச் சொல்ல வேண்டும். வந்த அன்றே முற்றத்து மாமரத்துக்கு டிமாண்டையும் சப்ளையையும் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் இசக்கி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார்.

எண்ணெய், அருவி, முருகம்மாளின் தயிர்ச்சோறு. விழித்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது.

"ஏன் அண்ணாச்சி எழுப்பல?"

"எழுப்பலாமா தம்பி? தூக்கந்தானே முக்கியம்."

இழந்த பொழுதை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்புச் சத்தத்தில் படித்தான். இசக்கி அருவிக்குக் கூட இரண்டு தடியர்களை அழைத்து வந்தார்.

"இவுக எதுக்கு?"

"பாறை வழுக்கும்லா. இன்னைக்கு நடு அருவியில நிக்கணும்."

இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்ள, உச்சந்தலையில் அருவி மொத்தியது. டிமாண்டும் சப்ளையும் சிற்றாற்றோடு போயின.

வாயால் சொன்னதுதானே போகும்? கரித்துண்டை எடுத்துச் சூத்திரங்களை அறைச் சுவரில் எழுதினான். குளித்துவிட்டு வந்தால் சுவர் வெள்ளையடித்துப் பளிச்சென்றிருந்தது.

"யாரு அண்ணாச்சி அடிக்கச் சொன்னா?"

"என்னமோ கிறுக்கிக் கெடந்துது. உங்கப்பா பாத்தா வெசனப்படுவாகள்லா?"

கதவைத் தாழிட்டுக்கொண்டு படித்தான். மறுநாள் தாழ்ப்பாளைக் காணோம். காற்று வர வேண்டுமாம். அதற்கு அடுத்த நாள் புத்தகத்தையே காணோம்.

"பரண்ல பத்திரமா இருக்கு" என்றாள் முருகம்மாள். "பொஸ்தகம் சூடுல்லா தம்பி."

"மதினி, பரீட்சை வருது!"

"வரட்டும், வரட்டும். வந்தா நான் பேசிக்கிடுதேன். நீங்க கஞ்சியக் குடிங்க."

அப்பா தன்னை நன்றாகக் கவனிக்கச் சொன்னது இந்த மட்டுக்கும் போயிருக்க வேண்டாம் என்று பெருமாள் நினைத்துக்கொண்டான். கத்தினால் எண்ணெய், எழுதினால் சுண்ணாம்பு. சரி, வாயையும் கையையும் கட்டிப்போட்டால் என்ன செய்வார்கள், பார்ப்போம்.

பேசாமல் உட்கார்ந்தான். முருகம்மாளோடு தாயம் ஆடினான். ஆடிக்கொண்டே பாடத்தை மனசுக்குள் ஓட்டினான். கத்தும்போதெல்லாம் ஓடி ஒளிந்த பாடம், சத்தம் நின்றதும் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. எந்தக் கேள்வியை நினைத்தாலும் பதில் வரிசையாக வந்தது. அவனுக்கே சிரிப்பு வந்தது. அவன் சிரித்ததைப் பார்த்து இசக்கியும் முருகம்மாளும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

பரீட்சைக்கு அழைத்துப்போக அப்பா வந்தார். கூடவே கடையத்து மாமாவும் வந்து இறங்கினார். மாப்பிள்ளை ஒழுங்காகப் படிக்கிறாரா என்று நேரில் பார்க்க வேண்டுமாம். பெருமாள் தலை வாரி, திருநீறு பூசி, அடக்கமாக நின்றான். பொருளாதாரத்தில் எதைக் கேட்டாலும் சொல்லத் தயார். தை மாதம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

"இவுகதான் பொண்ணுக்கு அப்பா" என்றார் அப்பா இசக்கியிடம்.

மாமா பெருமாளை விட்டுவிட்டு இசக்கியைத்தான் கேட்டார். "என்னவே, மாப்பிள்ளை இங்கன எப்படி இருந்தாரு? உள்ளதச் சொல்லும்."

இசக்கி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பூரித்துப்போய்ச் சொன்னார்:

"போன வருசம் கொண்டாந்து விட்டவருக்கு சீசன் பூராவும் அருவியில நிக்க வேண்டியிருந்துது அண்ணாச்சி, இவுகளுக்குச் சீக்கிரமே பைத்தியம் தெளிஞ்சிட்டு, இனிமே தைரியமாப் பொண்ணு குடுக்கலாம்!"