மேளத்தைக் கீழே வைத்த கரோல்

கைதக்கடவு,
24.12.1989, ஞாயிறு

கர்த்தருக்குள் அருமையான மகன் ரெஞ்சிக்கு, உன் அத்தை சோசாம்மா ஜெபத்தோடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதுவது. நீயும் ஷீபாவும் குழந்தையும் மஸ்கட்டில் சுகமாக இருக்க ஆண்டவர் துணை நிற்பாராக. இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். மற்றவர்கள் கடிதத்தில் இதைச் சும்மா எழுதுவார்கள். நான் காரணத்தோடு எழுதுகிறேன்.

உன் அப்பா உயிரோடு இருக்கிறார், மகனே. எதிரே கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, கிழங்கில் உப்பு போதவில்லை என்று இப்போதுதான் தட்டை நகர்த்தி வைத்தார். வியாழக்கிழமை உனக்கு ஒரு தந்தி வந்திருக்கும், அப்பா காலமானார் என்று. நேற்று நான் ஒரு தந்தி கொடுத்தேன், அப்பா காலமாகவில்லை என்று. எதை நம்புவது என்று நீ தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பாய். இரண்டாவதை நம்பு. ஆனால் முதலாவதை நம்பி நீ ஏதாவது டிக்கெட் எடுத்திருந்தால் அதை மட்டும் விட்டுவிடாதே. இதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய காகிதத்தை எடுத்தேன். அக்கரை ரோசம்மாவின் மருமகன் வரும் வியாழக்கிழமை அங்கே வருகிறான். அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

எல்லாம் நட்சத்திரத்தில் ஆரம்பித்தது. கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்கிய ஒன்றாம் தேதி நானே ஏணி வைத்து ஏறி, வாசலில் காகித நட்சத்திரம் கட்டி, உள்ளே பல்பும் போட்டுவிட்டு என் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது, இந்த வருஷமும் லீவு இல்லை, பார்க்கலாம் என்று. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் நட்சத்திரம் தரையில் கிடக்கிறது. உன் அப்பா படகுத் துடுப்பால் எட்டி இழுத்திருக்கிறார். வீங்கின காலோடு எப்படி எழுந்து நின்றாரோ, அது கர்த்தருக்குத்தான் தெரியும். வர்றவனுக்குத்தான் அடையாளம் கட்டணும், இங்க யாரு வர்றா என்று கேட்டார். இப்படிப்பட்ட மனுஷனிடம் நான் என்ன சொல்வது. இழவு விழுந்த வீட்டில்தான் அந்த வருஷம் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள், அண்ணே, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றேன். நினைக்கட்டும் என்றார். நினைத்துவிட்டார்கள்.

டாக்டர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், இதை அவர் பார்க்கமாட்டார். இருதயம் பெரிதாகிவிட்டதாம், காலில் நீர் இறங்குகிறதாம். இந்த நோன்பைத் தாண்டுவார், அடுத்த நோன்புக்கு நான் ஜவாப்தாரி இல்லை என்று அந்த டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அதை உனக்கு முன்பே எழுதினால் பயந்துபோவாய் என்று எழுதாமல் விட்டேன். பயப்பட வைத்திருந்தால் நீ வந்திருப்பாயோ என்று இப்போது தோன்றுகிறது.

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்கு எங்கள் மாதர் சங்கத்துப் பெண்கள் பதினான்கு பேர் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருஷா வருஷம் போகிறதுதான், பார்க்க ஆள் இல்லாத நோயாளிகளுக்கு இலைப்பொதிச் சோறும் போர்வையும் கொடுத்து ஜெபித்துவிட்டு வருவோம். பதினோரு வருஷமாக நான்தான் செயலாளர், அதனால் பேசவும் சொன்னார்கள், நானும் வயதானவர்களைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். நாலு பேர் அழுதார்கள். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது. அந்த நேரத்தில் இங்கே உன் அப்பா விளக்கைப் போட்டால் கண் கூசுகிறது என்று அணைத்துவிட்டு ஒற்றையாகப் படுத்திருக்கிறார். இதை நான் எப்படி ஆண்டவரிடம் கணக்குச் சொல்வேன் என்று தெரியவில்லை.

ஏழு மணிக்குக் கரோல் படகு நம் வார்டுக்குள் வந்திருக்கிறது. நம் பையன்களெல்லாம் தெற்கே போய்விட்டார்கள், நம் பக்கத்துக்கு வந்தது கிழக்கு வார்டுப் பிள்ளைகள், ஒருவனுக்கும் நம் வீடு தெரியாது. கூட வந்த தானியேல் அச்சன் ஐப்பசியில்தான் நம் சபைக்குப் பாதிரியாராக வந்தவர். தெரிந்த ஒரே ஆள் பௌலோஸ், கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவன். அவனோ இரண்டு மாதமாகக் கொல்லத்துக்குச் சரக்குப் படகு ஓட்டப் போய்விட்டு அன்றைக்குக் காலையில்தான் திரும்பியவன். படகை நம் கடவுத் துறையில் கட்டி, பெட்ரோமாக்ஸைத் தூக்கிப் பார்த்தால், வரிசையாக எல்லா வீட்டிலும் நட்சத்திரம், நம் வீடு மட்டும் இருட்டு. பாதிரியார் இது யார் வீடு என்று கேட்டிருக்கிறார். பௌலோஸ், குருவிளா வீடு, முடியாமல் கிடந்தார், போய்விட்டார் போலிருக்கிறது, எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை என்று கண் கலங்கியிருக்கிறான். துக்க வீட்டில் என்ன வழக்கம் என்று உனக்குத் தெரியும். மேளத்தைக் கீழே வைத்தார்கள். தாத்தா முகமூடியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். பாட்டு இல்லாமல் முற்றத்தில் நின்று, மரித்துப்போன குருவிளாவின் ஆத்துமாவுக்காக ஒரு முழு ஜெபம் செய்தார்கள். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை, பௌலோஸ் தானாகவே முன்னால் வந்து, வெள்ளத்தில் உன் அப்பா அவனுடைய அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்த கதையைச் சொல்லி அழுதானாம்.

உன் அப்பா எல்லாவற்றையும் உள்ளே படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்.

அக்கரையில் ரோசம்மா துணி எடுத்துக்கொண்டிருந்தவள், மேளம் நின்றதையும் தாத்தா முகமூடி இல்லாமல் நின்றதையும் பார்த்தாள். அதற்கு மேல் அவளுக்கு என்ன வேண்டும். ஐந்து நிமிஷத்தில் கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் எட்டு மணிக்குக் காலிப் பாத்திரங்களோடு படகை விட்டு இறங்கும்போது நான் வரட்டும் என்று ஒருவரும் உள்ளே போகாமல் கடவில் பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள், ஒருத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு, பொறுத்துக்க சோசாம்மா, அவரு கஷ்டமில்லாம போயிட்டாரு என்கிறாள். நானும் நம்பிவிட்டேன், ரெஞ்சி. பாத்திரத்தைப் போட்டுவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு முற்றம் முழுக்கப் புரண்டேன். பின்னாலேயே, துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று ஆஸ்பத்திரிக்கு வராத என் சங்கத்துப் பெண்கள் கஞ்சியும் பயறும் கொண்டுவந்து இறக்குகிறார்கள். எல்லோரும் சேர்ந்து விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே போனால் உன் அப்பா எழுந்து உட்கார்ந்திருக்கிறார். லாசரு நாலு நாள் கழித்துத்தான் எழுந்தான், இவர் எழுந்த வேகத்தில் ரோசம்மா வாசற்படியிலேயே மயங்கி விழுந்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில், "உள்ள இருந்துகிட்டு ஏண்ணே ஒரு சத்தம் குடுக்கல?" என்று கேட்டேன்.

"ஜெபம் நடக்கறப்ப பேசக்கூடாதுன்னு நீதானே சொல்லுவ" என்றார். போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, "பௌலோஸ் என்னப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லிக்கிட்டிருந்தான், சோசா. நான் எந்திரிச்சிருந்தா நிறுத்தியிருப்பான்" என்றார். பிறகு கஞ்சிக்கு ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டார். தன் இழவுக் கஞ்சியைத் தானே இரண்டு கிண்ணம் குடித்தார்.

மறுநாள் முழுக்க ஆட்கள். தகவல் கேட்டு மூன்று படகுத்துறை தாண்டியெல்லாம் வந்தார்கள், கையில் மலர்வளையத்தோடு. உன் அப்பா தன்னை முகப்பில் நாற்காலி போட்டு உட்கார வைக்கச் சொன்னார், வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் கையால் வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார், யார் அழுதார்கள் யார் சும்மா வந்தார்கள் என்று என்னிடம் அப்புறம் வரிசையாகச் சொன்னார். பெட்டி செய்கிற அவுதக்குட்டி அளவு நாடாவோடு வந்து, வந்தது வந்துவிட்டேன், அளவை எடுத்துக்கொண்டு போகிறேன், எப்படியும் தேவைப்படும் என்று தலையைச் சொறிந்தான். எடுத்துக்கோ, ஆனால் கால் வீக்கம் வற்றட்டும், இல்லாவிட்டால் பலகை வீணாகும் என்றார் உன் அப்பா. தானியேல் அச்சன் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், பாவம், சின்ன வயசு. ஜெபம் நன்றாக இருந்தது, அன்றைக்கும் அதையே சொல்லுங்கள், புதிதாக ஒன்றும் சேர்க்க வேண்டாம் என்று இவர்தான் அவருக்கு ஆறுதல் சொன்னார். வீடு நிறைய ஆள் இருந்த அந்த ஒரு நாளில் அவருக்கு மூச்சிரைப்பே இல்லை.

ரோசம்மாவின் வீட்டுக்காரர் போத்தன் புதன் இரவே, நாங்கள் உள்ளே போய்ப் பார்ப்பதற்கு முன்னாலேயே, படகு பிடித்து ஆலப்புழை போய் உனக்குத் தந்தி கொடுத்துவிட்டார் என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. அவரும் வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் பதில் வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. போத்தனே அதைக் கொண்டுவந்து எல்லோருக்கும் முன்னால் படித்தார். லீவு உடனே கிடைக்காது, பத்தாம் தேதி வருகிறேன், அதுவரை பிணவறையில் வைக்கவும், கண்ணாடி வைத்த பெட்டி வாங்கவும், வீடியோவுக்கு ஆள் சொல்லவும். இவ்வளவுதான். நான் உன்னைக் குறை சொல்லவில்லை. கல்ஃபிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் தந்தி கொடுக்கிறார்கள், உன் அம்மா அடக்கத்துக்கு உன்னால் இந்தத் தந்தி கூடக் கொடுக்க முடியவில்லை, பெட்டியைச் சுற்றி நாங்கள் நின்ற போட்டோவைத்தான் அனுப்பினோம். ஆனால் பிணவறையில் வைக்கவும் என்று போத்தன் படிக்கும்போது, வைக்கப்பட வேண்டியவர் எதிரில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மகனே. ஒருத்தரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

உன் அப்பா தந்தியைக் கையில் வாங்கினார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். வெகு நேரம் பார்த்தார்.

"தேதி போட்டிருக்கான் பாத்தியா" என்றார். "ஆறு வருஷமா பாக்கலாம்பா, சொல்றேம்பான்னுதான் எழுதுவான். இப்பத்தான் ஒரு தேதி."

சபைக் காலண்டரைக் கொண்டுவரச் சொல்லி, புது வருஷத்துத் தாளில் பத்தாம் தேதியைப் பென்சிலால் வட்டம் போட்டார். பத்தாம் தேதி வாத்து வாங்க இப்போதே சொல்லி வை, ரெஞ்சிக்கு மிளகு தூக்கலாகப் போட வேண்டும் என்றார். குழந்தைக்கு எரியாதா என்று அவரே கேட்டு, குழந்தைக்குத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். அவனைப் போட்டோவில் தவிர நாங்கள் பார்த்ததில்லையே, அவன் என்ன தின்பான் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்.

நான் அங்கேயே சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பொய் சாட்சி சொல்லாதே என்று ஞாயிறு பள்ளியில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். நீ அங்கே அப்பா இல்லை என்று அழுதுகொண்டிருப்பாய் என்று எனக்கு இரவு தூக்கமில்லை. அவரிடம் சொல்லாமல் நேற்றுக் காலை நானே போய் இரண்டாவது தந்தியைக் கொடுத்தேன். திரும்பி வந்து சொன்னதும் அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாயங்காலம்தான் பேசினார்.

"உண்மையச் சொல்லிட்ட. நல்லது. இனி அவன் எதுக்கு வருவான்?"

அதற்கு நீதான் பதில், ரெஞ்சி. நாலாம் வகுப்பு படித்த அத்தை உனக்குப் புத்தி சொல்லக் கூடாது. ஆனால் செத்தவருக்கு லீவு கொடுக்கிற கம்பெனி உயிரோடு இருக்கிறவருக்கும் கொடுக்குமா என்று ஒரு தடவை கேட்டுப் பார். கால் பிடித்துக் கேள். இருக்கிறவர் உன்னைப் பார்த்துப் பேசுவார், திட்டுவார், உப்பு போதவில்லை என்பார். போனவரிடம் அதெல்லாம் கிடையாது, வீடியோதான்.

நாளைக்கு நோன்பு முடிகிறது. விடியற்காலை ஆராதனைக்கு அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போக பௌலோஸ் வருகிறேன் என்றிருக்கிறான். பிறந்த பாலகன் உன் குடும்பத்தின்மேல் தம் முகத்தைப் பிரகாசிக்கச் செய்வாராக. ஷீபாவுக்கு என் ஸ்தோத்திரம், குழந்தைக்குத் தாத்தாவின் நூறு முத்தம், அவர் வாயால் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

உனக்காக ஜெபிக்கும்
அத்தை சோசாம்மா

பின்குறிப்பு: இன்று செவ்வாய். உறையை ஒட்டுவதற்கு முன் உன் இரண்டாவது தந்தி வந்தது. மிகவும் சந்தோஷம், கர்த்தருக்கு நன்றி, டிக்கெட் ரத்து செய்துவிட்டேன், அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பார்க்கலாம் என்று இருக்கிறது. உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். காகிதத்தையும் பேனாவையும் எடு என்றார். இனி வருவது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவது, ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

ரெஞ்சி, அத்தை மேலே எழுதினது எல்லாம் பொய். அவளுக்குத் துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது. போத்தன் கொடுத்த தந்திதான் சரி. நான் புதன்கிழமையே இறந்துவிட்டேன். நீ பத்தாம் தேதி வா. பிணவறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அங்கே குளிர் அதிகம். வீட்டிலேயே இருக்கிறேன். பத்தாம் தேதி வரை தாங்குவேன் என்று நினைக்கிறேன்.