முன்மாதிரித் தாம்பாளம்

முனீஸ்வரி அடிபம்பு மேடையில் குத்த வைத்துத் தாம்பாளம் துலக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் தாம்பாளம். பாப்பாவை உள்ளே உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம், அம்புட்டு அகலம். அடுத்த வாரம் அம்மனுக்கு மாவிளக்கு எடுக்க வேண்டுமென்று பரணிலிருந்து இறக்கியிருந்தாள். தேங்காய் நாரில் சாம்பல் தொட்டுத் தேய்த்து, கழுவி, ஈரம் வடியட்டும் என்று கல்லில் சாய்த்து வைத்தாள். காலை வெயில் அதில் பட்டுத் திரும்பி, முப்பதடி தள்ளியிருந்த அங்கன்வாடிச் சுவரில் வட்டமாக விழுந்தது.

விழுந்த அதே நேரத்தில், ஊருக்குள் ஒருநாளும் வாய் திறக்காத தாமரைச்செல்வி டீச்சரின் செல்போன் அங்கன்வாடிக்குள்ளே கத்த ஆரம்பித்தது.

இது எப்பேர்ப்பட்ட சம்பவம் என்று விளங்க வேண்டுமானால், கீழப்பாறைப்பட்டியின் அலைத்தொடர்பு வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மேலூரிலிருந்து மினி பஸ்ஸில் அரை மணி நேரம் வந்தால் இந்த ஊர். ஊருக்குக் கிழக்கே மொட்டைப்பாறை. பாறைக்கு அந்தப் பக்கம் மெயின் ரோடு, ரோட்டோரம் டவர். கீழப்பாறைப்பட்டி மக்களின் நலனுக்காகவே அந்த டவர் நிறுத்தப்பட்டது என்பது உண்மை. கீழப்பாறைப்பட்டியில் ஒரு கோடு சிக்னல்கூடக் கிடையாது என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளும் ஒன்றுக்கொன்று தொந்தரவு செய்யாமல் ஆறு வருஷம் அக்கம்பக்கமாகக் குடியிருந்தன.

வினை சத்துமாவில் வந்தது. முன்னெல்லாம் டீச்சர் முகத்தைப் பார்த்துப் பாக்கெட்டைக் கொடுப்பார். இவள் முனீஸ்வரி, இடுப்பில் இருப்பது இவள் பிள்ளை என்று டீச்சருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், தெரு நாய்க்கும் தெரியும். போனுக்குத் தெரியாது. ஆகவே இனிமேல் தாயின் முகத்தைப் போன் பார்த்து, தாயின் போனுக்கு ஒரு நம்பர் வந்து, அந்த நம்பரை டீச்சர் போனில் தட்டினால்தான் மாவு என்று மேலிடம் முடிவு செய்தது.

சிக்னல் பாறை உச்சியில்தான் கிடைக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முனீஸ்வரியும், முட்டி வலியைத் தூக்கிக்கொண்டு டீச்சரும் உச்சிக்கு ஏறினார்கள். 'நீங்கள் மையத்தில் இல்லை' என்றது போன். மையத்துக்கு இறங்கி வந்தார்கள். போன் ஒன்றுமே சொல்லவில்லை. மாவுப் பாக்கெட்டுகள் மூன்று மாதமும் அறை மூலையில் அடுக்கிக் கிடந்து, மாதக் கடைசியில் வேனில் திரும்பிப் போயின. ரெக்கார்டில் 'தாய்மார்கள் பெற்றுக்கொள்ள முன்வரவில்லை' என்று ஏறியது.

டீச்சரிடம் எடை அட்டை உண்டு. அதில் பச்சைப் பட்டைக்குள் இருந்த பாப்பாவின் புள்ளி, மஞ்சள் பட்டைக்கு இறங்கியது. மஞ்சளுக்குக் கீழே சிவப்பு. முனீஸ்வரி ஐந்தாவதோடு நின்றவள்தான். ஆனாலும் சிவப்பென்றால் என்னவென்று யாரும் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டியதில்லை.

நாலு பேர் பார்த்தால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசுகிறவள், மேலூருக்குப் போய் மனுக் கொடுத்தாள். எங்கள் ஊரில் சிக்னல் இல்லை என்பது மனு. பதினைந்து நாள் கழித்து வேறு வேலையாகப் பாறைப் பக்கம் ஏறியபோது பதில் வந்து விழுந்தது. 'மனுதாரரைத் தொடர்புகொள்ள முயன்றோம். மனுதாரர் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார். மனு முடித்து வைக்கப்பட்டது.'

அவள் மறுபடியும் கொடுத்தாள். இந்தத் தடவை மதுரையிலிருந்து, மாவட்ட அலைத்தொடர்பு வசதிக் கண்காணிப்புப் பிரிவின் உதவிப் பொறியாளர் திரு. ஹரிநாராயணன், ஒரு கறுப்புப் பெட்டியோடு நேரில் வந்தார். நல்ல மனுஷன். மோர் கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். பெட்டியிலிருந்து மீட்டரை எடுத்துத் தெருவில் இரண்டு தடவை நடந்தார். பிறகு நேராகப் பாறை உச்சிக்கு ஏறி, அங்கே வைத்து அளந்தார்.

"சார், எங்க வீடெல்லாம் கீழல்ல இருக்கு," என்றாள் பின்னாலேயே ஏறி வந்த முனீஸ்வரி.

"கீழ பாத்தேம்மா. மீட்டர்ல நம்பரே வரலை. நம்பர் வராத இடத்தை எழுத ஃபாரத்துல கட்டம் கிடையாது. நம்பர் எங்க வருதோ அங்கதான் அளக்க முடியும்." மீட்டரைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "மைனஸ் எழுபது. பிரமாதம்."

"மைனஸுன்னு சொல்றீங்களே சார்."

"இந்த அளவு மைனஸ்லதாம்மா வரும்."

"எம்பிள்ளை எடையும் மைனஸ்லதான் சார் வருது."

"அது வேற டிபார்ட்மெண்ட்," என்றார் அவர், வருத்தமாகவே.

இறங்கும்போது அவளுக்கு விஷயத்தைப் பொறுமையாக விளக்கினார். டவரிலிருந்து வருவது நுண்ணலை. வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும், மலையைச் சுற்றிக்கொண்டு வராது. பாறை மறித்தால் பாறைக்குப் பின்னால் நிழல். ஊர் நிழலில் இருக்கிறது. அப்படியானால் நாங்கள் என்ன செய்வது என்று அவள் கேட்டதற்கு, வீடுகளை ஆரம்பத்திலேயே தள்ளிக் கட்டியிருக்கலாம் என்றார். அறிக்கையிலும் அப்படியே எழுதினார்: 'கோபுரம் சரியான இடத்தில் உள்ளது. ஊரின் அமைவிடத்தில் குறைபாடு காணப்படுகிறது.'

அவ்வளவும் போனது போகட்டும். 'வெளிச்சம் மாதிரி' என்ற ஒரு பேச்சு மட்டும் முனீஸ்வரி மனசில் ஒட்டிக்கொண்டது.

அதனால்தான் அன்றைக்கு டீச்சர் போன் கத்தியதும், அவள் போனைத் தேடாமல் சுவரில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். பாறை முடிந்து பாதை திரும்புகிற முனையில் இருக்கிறது அடிபம்பு. அங்கிருந்து பார்த்தால் டவரின் தலை மட்டும் தெரியும். போனுக்கு அது பற்றாது, தாம்பாளத்தின் அகலத்துக்குப் போதும். தாம்பாளத்தைக் கொஞ்சம் திருப்பினாள். வட்டம் சுவரை விட்டு விலகியது, போன் அடங்கியது. திரும்பவும் பழையபடி வைத்தாள்.

"ஏ முனீசு, அதை அசைக்காத. உனக்குப் புண்ணியமாப் போகும், அப்படியே விடு," என்று அங்கன்வாடிக்குள்ளிருந்து டீச்சர் குரல் வந்தது.

வெயில் நகர்ந்துவிடும், டவர் நகராது. அந்த நிலையிலேயே தாம்பாளத்தை ஒரு கல்லுக்காலில் கம்பி வைத்துக் கட்டினார்கள். அன்றைக்கே ஒன்பது தாய்மார்களின் முகத்தைப் போன் பார்த்தது, ஒன்பது நம்பர் வந்தது, ஒன்பது பிள்ளைகளுக்கும் மாவு கிடைத்தது. மாவிளக்கை இரவல் தட்டில் எடுத்தாள் முனீஸ்வரி. அடுத்த எடை பார்த்தபோது பாப்பாவின் புள்ளி மஞ்சளில் மேலே ஏறி, பச்சைக்கு ஒரு நெல்மணி இடைவெளியில் நின்றது.

ஓர் ஊர் தானாக நன்றாக இருந்தால் அது அலுவலகத்துக்குத் தெரியாமலா போகும். ஹரிநாராயணன் சார் மறுபடி வந்தார், கையில் நோட்டீசோடு. அரசுக்குச் சொந்தமான அலையை, தனிநபருக்குச் சொந்தமான தாம்பாளத்தைக் கொண்டு, உரிய அனுமதியின்றித் திசை திருப்பியமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அதில் கேட்டிருந்தது. நோட்டீசைக் கொடுப்பதற்கு முன் முறைப்படி மீட்டரை எடுத்தார். அங்கன்வாடி வாசலில் நம்பர் வந்தது. கட்டத்தில் எழுதக்கூடிய, முழுசான நம்பர். அவருக்கே முகம் மலர்ந்துவிட்டது. போட்டோ எடுத்து மேலே அனுப்பினார். அரை மணி நேரத்தில், தாம்பாளத்தின் வழியாகவே, மேலிடத்திலிருந்து போன் வந்தது. அவர் நோட்டீசை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தாம்பாளத்தின் விட்டம் என்ன என்று மரியாதையாகக் கேட்டார்.

'முன்மாதிரித் தாம்பாளத் திட்டம்' ஆடி மாசம் மூன்றாம் வெள்ளி தொடங்கி வைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது.

தொடக்க விழா என்றால் பேனர் வேண்டும். பேனர் என்றால் வார்டு மெம்பர் மருது. எதிர்வீட்டு நாய் குட்டி போட்டால்கூட வாழ்த்தி ஃபிளெக்ஸ் வைக்கிற மனுஷன். இருபதடிக்குப் பன்னிரண்டடி அடித்தார். ஆடிக் காற்றில் கிழியாமலிருக்கப் பின்னால் முழுக்கத் தகரம் வைத்து அறைந்தார். நாலு பேர் கண்ணில் படாத பேனர் எதற்கு? மெயின் ரோட்டுக்குத் தெரிகிற இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான், அடிபம்பு முனை. டவருக்குத் தெரிகிற இடமும் அது ஒன்றுதான் என்பதைப் பற்றி அவரிடம் யாரும் எழுத்துபூர்வமாகத் தெரிவிக்கவில்லை.

விழாவன்று ஹரிநாராயணன் சார் ரிப்பன் வெட்டினார். கைதட்டினார்கள். முதல் அழைப்பை மேலிடத்துக்குப் போட்டார். போகவில்லை. மீட்டரைப் பார்த்தார். நம்பர் வரவில்லை. கூட்டம் மரியாதையாகக் காத்திருந்தது. அவர் படிவத்தை எடுத்து, 'திட்டம் வெற்றிகரமாகத் தொடங்கி வைக்கப்பட்டது' என்று எழுதினார். அந்தக் கட்டத்துக்கு நம்பர் தேவையில்லை.

"சார், தகரம் மறைக்குது," என்றாள் முனீஸ்வரி. அன்றைக்குத்தான் அவள் தரையைப் பார்க்காமல் பேசினாள்.

மருது மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "தங்கச்சி, அதுல பெரிய ஆபீசருங்க அஞ்சு பேரு படம் இருக்கு. யாரைக் கீழ இறக்கச் சொல்லுற?"

"இறக்க வேணாம்ண்ணே, பத்தடி தள்ளி வைங்க."

"பத்தடி தள்ளுனா ரோட்டுக்குத் தெரியாதே."

தாம்பாளத்தைத் தள்ளி வைக்கலாமா என்று டீச்சர் கேட்டார். தொடங்கி வைக்கப்பட்ட பொருளை அசைக்க விதியில்லை என்றார் ஹரிநாராயணன். பேனரை எடுக்கலாம், ஆனால் படத்திலுள்ள ஐந்து பேரின் சம்மதமும் ஆன்லைனில் வாங்க வேண்டும். விண்ணப்பித்தால் மருதுவின் போனுக்கு ஒரு நம்பர் வரும்.

முனீஸ்வரி மற்ற தாய்மார்களைப் பார்த்தாள். அவர்கள் பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடிவரிசையில் ஒன்பது பேருக்கும் தீப்பெட்டி அளவில் போட்டோ போட்டிருந்தார் மருது. தனக்குக் கண் மூடியிருப்பதாக ஒருத்தி குறைப்பட்டாள். ஆடி முடிகிற வரைக்குமாவது இருந்துவிட்டுப் போகட்டுமே என்றாள் இன்னொருத்தி.

நடுவில் ஓர் ஆள் உயரத்துக்கு முனீஸ்வரியே இருந்தாள். தலைக்குப் பின்னால் தாம்பாளம், சாமி படத்தில் இருக்குமே, அந்த மாதிரி. முகத்துக்கு இரண்டு படி நிறம் கூட்டி வெளுக்க வைத்திருந்தார்கள். இடுப்பிலிருந்த பாப்பாவுக்குக் கம்ப்யூட்டரில் கன்னத்தை உப்ப வைத்து, கையில் இரண்டு மடிப்பும் கொடுத்திருந்தார்கள்.

"பாருங்க, குழந்தை நல்லாத்தானே இருக்கு," என்றார் ஹரிநாராயணன். அதையும் எழுதிக்கொண்டார். இந்தத் தடவை அது வேறு டிபார்ட்மெண்டாக இல்லை.

ஆடி முடிந்தது. பேனர் முடியவில்லை. மாவு வேனில் திரும்பிப் போனது. பாப்பாவின் புள்ளி ஏறிய வழியே இறங்கி, சிவப்பை எட்டிப் பார்த்தது.

ஒருநாள் விடிந்தும் விடியாமலும் முனீஸ்வரி, புருஷனின் கட்டிங் பிளேயரை முந்தானையில் சுருட்டிக்கொண்டு அடிபம்பு முனைக்குப் போனாள். தகரத்தை நாலு கம்பி பிடித்திருந்தது. முதல் கம்பியை அவிழ்த்தாள். இரண்டாவதை அவிழ்த்ததும் தகரம் ஒரு பக்கம் சாய்ந்தது. அங்கன்வாடிக்குள் வைத்துவிட்டு வந்திருந்த அவளுடைய போன் ஒரு தரம் கூவியது. மூன்றாவது கம்பி சரியாகப் பாப்பாவின் உப்பின கன்னத்துக்குப் பின்னால் ஓடியது. கன்னம் மடங்காமல் எப்படி எடுப்பது என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். அந்த ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாது.

"தங்கச்சி, அங்கயா இருக்க?" பாதையில் மருது வந்துகொண்டிருந்தார். பின்னால் கேமராவோடு ஒருத்தர். "சென்னைல இருந்து உன்னைய போட்டோ எடுக்க வந்திருக்காக. பேனருக்கு முன்னாடி நிக்கணுமாம். காத்துல தகரம் சாஞ்சிருச்சு போல, சித்த நிமித்திப் பிடி. தலையைச் சீவிக்கிட்டு வெரசா முன்னாடி வா."

"இந்தா வாரேன்ண்ணே," என்றாள் முனீஸ்வரி. இந்த ஒரு போட்டோ மட்டும் எடுத்து முடியட்டும், அப்புறம் நாலையும் அவிழ்த்துவிடுவோம் என்று மனசுக்குள் பாப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே, ஒரு கையால் கூந்தலை ஒதுக்கி, மறு கையால் தகரத்தை நிமிர்த்தி, அவிழ்த்த கம்பியை எடுத்து மறுபடியும் முறுக்கினாள்.